வீட்டோடு இருந்த பிள்ளை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நேசம்மா பிற்பகல் நேரத்தில் நடத்திய ஆங்கில வகுப்பில், 'கீப்' என்ற ஒரே ஒரு வினைச்சொல் வாரக்கணக்கை விழுங்கிவிட்டது.

வகுப்பு என்றால் ஏதோ பெரிய பள்ளிக்கூடம் என்று நினைத்துவிட வேண்டாம். ரயில்வே கிளார்க்குகளின் மனைவிமார் ஐந்தாறு பேர், எல்லாரும் கப்பலேறி வந்த யாழ்ப்பாணத்துக்காரிகள், நேசம்மா வீட்டு முன்னறையில் பாய் விரித்து உட்காருவார்கள். கணவன்மார் ஆபீசில் வெள்ளைக்காரனோடு தஸ்ஸு புஸ்ஸென்று பேசுவார்கள். மனைவிமாருக்கோ, பிள்ளைக்கு வயிற்று வலி என்று ஆஸ்பத்திரி நர்சிடம் சொல்லக்கூட வாய் வராது. நேசம்மா ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கணவர் வீரசிங்கமும் ரயில்வே கிளார்க்தான். பெற்றெடுத்த பிள்ளை இல்லாத வீடு. பிற்பகல் நேரம் நிறையவே இருந்தது.

மற்ற சொற்களெல்லாம் ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போயின. இந்தக் கீப்தான் பாடாய்ப் படுத்தியது. வெள்ளைக்காரன் ஊரை வளைத்துப் போடுவதில் தாராளம், சொல்லைச் செலவழிப்பதில் மகா கஞ்சன். மாடு வளர்த்தாலும் கீப், கடை நடத்தினாலும் கீப். ரகசியத்தை வெளியே விடாமல் இருந்தாலும் அதே சொல். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதும், விரதம் அனுஷ்டிப்பதும், ஒருவரைக் காக்க வைப்பதும், வாயை மூடிக்கொண்டு இருப்பதும் கீப். மீன் குழம்பு மறுநாள் வரை கெடாமல் இருந்தால் அதற்கும் கீப். 'திருப்பித் தர வேண்டாம், நீயே வைத்துக்கொள்' என்று பெரிய மனதோடு சொல்வதற்கும் அவனிடம் வேறு சொல் கிடையாது.

"உதென்ன கோதாரி! ஒரு சொல்லை வைச்சே குடும்பம் நடத்துறாங்களே உவங்கள்!" என்றாள் பூமணி. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி. அவள் வாய்க்குப் பூட்டு செய்யும் கொல்லன் இன்னும் பிறக்கவில்லை என்று குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் தெரியும்.

நேசம்மா சிரித்துக்கொண்டே ஒரு வழி சொன்னாள். "அவரவர் வீட்டில இருக்கிற ஒண்டை வைச்சு ஆளுக்கொரு வசனம் சொல்லுங்கோ. வீட்டுச் சங்கதி எண்டால் மறக்காது."

ஒருத்தி தன் வீட்டில் கோழி வளர்ப்பதைச் சொன்னாள். இன்னொருத்தி, தன் புருஷனுக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள். எல்லாரும் வயிறு நோகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் தனம் தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள்.

பூமணிக்கு அப்போதுதான் வசனம் பிடிபட்டது. தட்டிலிருந்து கோப்பையை எடுத்துக்கொண்டே, "மிஸஸ் வீரசிங்கம் கீப்ஸ் எ சர்வன்ட் கேர்ள்," என்றாள். எங்கும் தடுக்காமல் சொல்லிவிட்டதில் அவளுக்கே ஆச்சரியம்.

"வெரி குட்," என்றாள் நேசம்மா.

தனம் மற்றக் கோப்பைகளையும் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு ஆங்கிலம் நன்றாகவே விளங்கும். சொல்லிக் கொடுத்தவளே நேசம்மாதான்.

தனம் என்கிற தனலெட்சுமி அந்த வீட்டுக்கு வந்த கதை இது. முப்பதாம் வருஷத்தை ஒட்டி வேலை மந்தம் வந்தபோது, ரயில்பாதைக் கூலிகளைக் கூட்டம் கூட்டமாகக் கழித்துவிட்டார்கள். ஊருக்குப் போகச் சம்மதித்தால் கப்பலுக்குக் காசு வேண்டாம் என்றார்கள். அப்படிக் கழிக்கப்பட்ட ஒருவனுடைய மனைவி நல்லம்மாள். நேசம்மா வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். கிள்ளானுக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டிய வாரத்தில் அவளுடைய நாலு வயதுப் பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. அம்மை போட்ட பிள்ளையைக் கப்பல் பக்கமே அண்ட விடமாட்டார்கள். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போதோ, யார் கண்டது? இடுப்பில் கைக்குழந்தை வேறு.

"தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் வச்சிக்குங்கம்மா," என்று நல்லம்மாள் கும்பிட்டாள். "அப்பறம் நாகப்பட்டணம் போறவங்க யாரு கையிலயாச்சும் குடுத்து அனுப்புங்க. இல்லன்னா நானே வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்."

நேசம்மா வேப்பிலை விரித்துப் பிள்ளையைத் தன் படுக்கை அறையிலேயே கிடத்தினாள். அரிப்புத் தாங்காமல் பிள்ளை அழும்போதெல்லாம் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே அழுதது. அம்மை இறங்கியது. தண்ணீரும் வார்த்தாயிற்று. நாகப்பட்டணம் போகிறவர்களும் ஒவ்வொருவராக வந்து, "புள்ளய நாங்க கூட்டிக்கிட்டுப் போறோம்," என்றார்கள். நேசம்மாவுக்கு ஒருவரையும் பிடிக்கவில்லை. ஒருவன் குடிப்பவன் மாதிரித் தெரிந்தான். ஒரு கிழவி தன்னையே பார்த்துக்கொள்ள மாட்டாதவள். இன்னொருத்தியின் கண்ணே சரியில்லை.

"கவர்னரே வந்து கூட்டிக்கொண்டு போறன் எண்டாலும் நீ குறை கண்டுபிடிப்பாய்," என்றார் வீரசிங்கம். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஊரிலிருந்து திரும்பி வந்த ஒருவர் வாயிலாக நல்லம்மாளின் செய்தி வந்தது. புருஷன் காலராவில் போய்விட்டான். பிள்ளை அங்கேயே இருக்கட்டும், வயிறாவது நிறையும், எப்படியும் வந்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நேசம்மா அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான், எந்தச் சாவுக்கு உடைத்தோம் என்பது உறைத்தது. கூசிப் போனாள். ஆனால் அந்தக் கூச்சத்துக்கு அடியில் சந்தோஷம் இருந்தது, அதை அவளால் மறைக்க முடியவில்லை.

அப்புறம் வருஷங்கள் ஓடின. அவளே தலைவாரிப் பின்னினாள், அவளே தமிழும் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் தகப்பன் பெயர் கேட்பார்கள், கேட்டால் நாலு பேருக்குத் தெரியும் என்று வீட்டோடு படிப்பை முடித்துக்கொண்டாள். தனம் வாய் திறந்தால் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். நேசம்மாவை "அம்மா" என்பாள், வீரசிங்கத்தை "ஐயா" என்பாள். ஆளில்லாத நேரத்தில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், தனம் தன் தட்டை எடுத்துக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போய்விடுவாள். போ என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. இரு என்றும் சொன்னதில்லை. கோயில் திருவிழாவுக்குப் போனால் குடையும் பையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பாள். யாராவது கேட்டால் நேசம்மா, "எங்களோட இருக்கிற பிள்ளை," என்று சொல்லிப் பேச்சை மாற்றுவாள்.

பயம்தான், வேறென்ன. வீரசிங்கத்தின் அக்கா கிள்ளானில் இருந்தாள். ஆர் பெத்தது, என்ன ஆக்கள் என்று முதல் கேள்வியிலேயே சாதியைத் தோண்டி எடுத்துவிடுவாள். ஊரிலே கல்வீட்டுக்காரர் என்று பெயர் எடுத்த குடும்பம், கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துப் பிள்ளையை மகள் என்று சொல்லுகிறதாம் என்று கிள்ளானில் தும்மினால் யாழ்ப்பாணத்தில் கேட்கும். நேசம்மா கெட்டவள் அல்ல. நல்லவள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசை மட்டும் அவளுக்குக் கொஞ்சம் அதிகம். அந்த ஆசை அவளைத் தின்றது போல் கெட்ட குணம் எதுவும் யாரையும் தின்று நான் பார்த்ததில்லை.

நல்லம்மாள் சொன்ன சொல் தவறவில்லை. காலம் தாழ்ந்து வந்தாள், அவ்வளவுதான். டெங்கில் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்த தன் தம்பி வேலாயுதத்திடம் வந்து சேர்ந்து, அவளும் பால் வெட்டப் போனாள். ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, குசினி வாசலில் நின்று மகளைப் பார்த்தாள். தனம் வளர்ந்து, பாவாடை தாவணியில், புத்தகம் கையில் வைத்திருந்தாள். தாயை அடையாளம் தெரியாமல், "ஆர் நீங்கள்?" என்று கேட்டாள். நல்லம்மாள் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போகும்போது, "ராசாத்தி மாதிரி இருக்காம்மா. இருக்கட்டும். நான் என்னத்தக் குடுக்கப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். கூட்டிக்கொண்டு போகிறேன் என்ற பேச்சே எடுக்கவில்லை. நேசம்மாவுக்கு அன்றுதான் போன உயிர் திரும்பி வந்தது.

பூமணி அந்த வசனத்தைச் சொன்னது இதற்கெல்லாம் பிறகு. அன்று வகுப்பு கலைந்ததும் நேசம்மா குசினிக்குப் போனாள். தனம் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இங்கிலீசு பிழையில்லை, அதைத்தானே சொன்னேன் என்று நேசம்மா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானத்தைப் பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. "புளியைக் கொஞ்சம் ஊறப் போடு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த மாதம் தனம் பெரிய பிள்ளையானாள்.

கேட்டதும் நேசம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிள்ளையைக் கட்டிக்கொண்டு உச்சி மோந்தாள். யாழ்ப்பாணத்தில் மகள் பெரிய பிள்ளையாகிவிட்டால் சாமத்தியச் சடங்கு செய்வார்கள். உறவெல்லாம் கூடும், மாமி முறைக்காரி வந்து முதல் தண்ணீர் வார்ப்பாள், ஆலாத்தி எடுப்பார்கள், பலகாரம் வீடு வீடாகப் போகும். இது எங்கள் வீட்டுப் பெண் என்று ஊருக்குச் சொல்லும் நாள் அது. வேலைக்காரப் பெண்ணுக்கு யாரும் செய்யமாட்டார்கள்.

வீரசிங்கம் ஆபீசிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டார். தொப்பியைக் கழற்றாமலே, "முறைப்படி செய்வம், நேசம்," என்றார். "எல்லாருக்கும் சொல்லுவம். கிள்ளானில இருந்து அக்கா வரட்டும். அவதானே மாமி முறை, அவவே வந்து தண்ணி வார்க்கட்டும்."

"உங்கட அக்கா வந்து வேலைக்காரப் பெட்டைக்குத் தண்ணி வார்ப்பாவோ?"

சொன்ன பிறகுதான் நேசம்மாவுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. குவார்ட்டர்ஸ் சுவரெல்லாம் வெறும் பலகை. அந்தப் பக்கம் தனம் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

வீரசிங்கம் தொப்பியைக் கழற்றினார். "அப்ப உன்ர விருப்பம்," என்று சொல்லிவிட்டுப் போய் முகம் கழுவினார். அவர் இன்னும் கொஞ்சம் அடம்பிடித்திருக்கலாம் என்று பின்னாளில் நேசம்மா நினைத்ததுண்டு. பழியில் பாதியை அவர் தலையிலும் போடப் பார்த்தாள். மனம் ஒப்பவில்லை.

கடைசியில் அவளே பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டு, கிணற்றடி மறைப்புக்குள் வைத்துத் தண்ணீர் வார்த்தாள். தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்தாள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தாள், உழுத்தங்களி கிண்டினாள், புதுத் தாவணி உடுத்தினாள். செய்முறையில் ஒன்றுகூடக் குறையவில்லை. பார்ப்பதற்குத்தான் ஒரு கண்ணும் இல்லை.

"அம்மா, ஆரும் வரமாட்டினமோ?" என்று தனம் ஒரு தடவை கேட்டாள்.

"பிறகு பெரிசாச் செய்வம், பிள்ளை."

வகுப்புக்கு வந்தவர்களிடம் தனத்துக்குக் காய்ச்சல் என்றாள். பூமணி மூக்கை உறிஞ்சி, "குசினியில நல்லெண்ணெய் மணக்குது," என்றாள். நேசம்மா பாடத்தைத் திருப்பினாள். பிறகு என்று சொன்ன நாள் வரவேயில்லை. தனமும் மறுபடி கேட்கவில்லை.

குவார்ட்டர்ஸ் துணி வெளுக்கிற பெண்ணுக்கு எதையும் மறைக்க முடியாது. அவள் வாய் வழியாகச் செய்தி டெங்கிலுக்குப் போயிற்று. ஒரு காலையில் நல்லம்மாள் வந்து குசினிப் படியில் உட்கார்ந்தாள். நேசம்மா அவளுக்குத் தேநீர் கொடுத்தாள், கூலியாட்களுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் கோப்பையில். பழக்க தோஷம். கொடுத்த பிறகுதான் தனம் அந்தக் கோப்பையைப் பார்ப்பதைக் கவனித்தாள்.

"வயசுக்கு வந்துட்டான்னு கேள்விப்பட்டேங்க," என்றாள் நல்லம்மாள். "சடங்கு செய்யலன்னாங்க. தாய்மாமன் கெடந்து குதிக்கிறான். சீர் வாங்கி வச்சிட்டான், பச்ச ஓல கட்டணும்ங்கறான். லயமே காத்துக்கிட்டு இருக்கு."

நேசம்மா அவசரமாகக் கேட்டாள். "சடங்கு முடிஞ்சால் திருப்பிக் கொண்டுவந்து விடுவியோ?"

நல்லம்மாள் கோப்பையைக் கீழே வைத்தாள். ரொம்ப யோசித்து வைத்திருந்ததைச் சொல்பவள் போல நிதானமாகப் பேசினாள். "அம்மா, பெத்தவன்னு நான் உரிமை கேக்க வரல. சோறு போட்டு வளத்தது நீங்க. மகளா வச்சிக்கிறதா இருந்தா இங்கயே சடங்கு செய்யுங்க. நாலு பேரக் கூப்புட்டு, எங்க மகளுன்னு சொல்லிச் செய்யுங்க. நான் வந்து ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிடுறேன், பெத்தவன்னு வாயத் தொறக்க மாட்டேன். ஆனா வேலக்காரியாத்தான் இருக்கான்னா, அவ எங்கூட வரட்டும்மா. லயத்துல கஞ்சி குடிச்சாலும் அங்க அவ வீட்டுப் புள்ள."

இவ்வளவு சுலபமாக ஒருவரும் நேசம்மாவுக்கு ஒன்றைக் கொடுத்ததில்லை. சரி என்று ஒரு சொல் போதும். தனம் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டாள். அவள் தாயைப் பார்க்கவில்லை, நேசம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேசம்மாவின் கண்ணுக்குள் கிள்ளான் அக்கா வந்தாள், பூமணி வந்தாள், கோயிலில் வரிசையாக உட்காரும் பெண்கள் வந்தார்கள்.

"ஆக்கள் என்ன சொல்லுவினம்... ஐயாவோடயும் கதைக்க வேணும்," என்றாள். "யோசிச்சுச் சொல்லுறன்."

தனம் சுளகைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் யோசிக்க வேண்டாம், அம்மா," என்றாள். குரலில் கோபம் இல்லை. "நான் போறன்."

அவள் உடுப்பை மடித்து மூட்டையாகக் கட்டியபோது நேசம்மா பக்கத்தில் நின்று, இதையும் எடு, அதையும் எடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போகாதே என்பதைத் தவிர எல்லாம் சொன்னாள்.

சடங்குக்கு நல்லம்மாள் வெற்றிலை பாக்கு அனுப்பி அழைத்தாள். நேசம்மா தன் கூறைச் சேலைக்கு அடுத்தபடியாக வைத்திருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, தனத்துக்கு ஒரு பட்டுப் பாவாடை எடுத்துக்கொண்டு, வீரசிங்கத்தோடு பஸ் மாறி டெங்கிலுக்குப் போனாள். போகும் வழியெல்லாம் ஒரு முடிவு எடுத்துக்கொண்டே போனாள். சடங்கு முடிந்ததும் எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவது, மகளே வா என்று கூட்டிக்கொண்டு வந்துவிடுவது. பிரிக்பீல்ட்ஸ் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அன்று அவளுக்கு அந்தத் தைரியம் உண்மையாகவே இருந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ் தூரம் போகப் போக அது வளர்ந்துகொண்டும் வந்தது.

லயத்து முற்றத்தில் வேலாயுதம் பச்சைத் தென்னை ஓலையில் சின்னதாகக் குடிசை கட்டியிருந்தான். தட்டுத் தட்டாகச் சீர் வந்தது. மேளம் என்று தகர டின்னைத் தட்டினார்கள், ஆனாலும் யாருடைய உற்சாகமும் குறையவில்லை. லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நடுவில் மணைப்பலகையில் மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்தாள் தனம். ஒவ்வொருத்தியாக வந்து, முறையைச் சொல்லிச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார்கள். "அத்த ஊத்துறேன்டி", "பெரியம்மா ஊத்துறேன்டி", "சித்தி ஊத்துறேன்டி". சொந்தம் இல்லாதவளும் அங்கே ஏதாவது ஒரு முறையைச் சொல்லித்தான் செம்பைத் தூக்கினாள்.

நல்லம்மாள் நேசம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் செம்பைக் கொடுத்தாள். தண்ணீர் மொண்டு கொடுத்த பெண்ணுக்கு இந்தப் பட்டுச் சேலைக்காரி யாரென்று தெரியவில்லை. மரியாதையாகவே கேட்டாள்.

"நீங்க புள்ளைக்கு என்ன வேணும்?"

முற்றம் முழுக்கக் காதைக் கொடுத்தது. வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த சொல் நேசம்மாவின் நாக்கு நுனியில்தான் இருந்தது. பெற்றவள் பக்கத்தில் நிற்கும்போது அதை எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தயங்கினாள். ஒரு கணம்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட தனம் நிமிர்ந்து பார்த்தாள். நேசம்மா திணறுவதைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் நாலு பேர் முன்னால் அவளைத் திணற விடாமல் காப்பாற்றிய பிள்ளை, அன்றும் காப்பாற்றியது.

"நான் வேலை செஞ்ச வீட்டம்மா," என்றாள் தனம், லயத்துத் தமிழில்.

"ஓ, அப்படிங்களா! நல்லா ஊத்துங்கம்மா," என்று அந்தப் பெண் விலகி வழிவிட்டாள்.

நேசம்மா தண்ணீர் ஊற்றினாள். இல்லை, நான் தாய் என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. செம்பில் தண்ணீர் தீர்கிற வரைக்கும் நேரம் இருந்தது. அவள் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு, செம்பை அடுத்து நின்ற அத்தையிடம் கொடுத்தாள்.